கருமாதி என்றொரு லினக்ஸ்காரர்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே கம்ப்யூட்டருக்குத் துக்கம் விசாரிக்கத் தெரிந்த ஒரே மனிதர் கருமாதிதான். மற்ற மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டே வருவார்கள், ஸ்க்ரூவைக் கழற்றுவார்கள், "சரியாயிரும் சார்" என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிட்டுப் போவார்கள். கருமாதி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து, படுத்துவிட்ட கம்ப்யூட்டரின் முன்னால் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு, இழவு வீட்டில் பேசுகிற குரலில் கேட்பார்.

"பேக்கப் இருக்கா?"

எடுத்துவைத்த நகல் யாரிடமும் இருக்காது. "ம்…" என்று மூச்சை விடுவார். அந்த ஒரு மூச்சில், உங்கள் பிள்ளையின் கல்யாண போட்டோ முதல் வருமான வரிக் கணக்கு வரைக்கும் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். கருமாதி என்கிற அந்தப் பட்டப்பேரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. வைத்த ஆள் பேக்கப் எடுக்காதவன் என்பது மட்டும் நிச்சயம்.

நான் தேவாரம் என்கிற ஊரில் ஏலக்காய் கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் கடையில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு பில்லைத் திறப்பதற்குள் காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற வயசில் இருந்தன. "தூக்கிப் போடுங்க" என்று ஊரே சொன்னது. முதலாளிக்கு எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை. அப்போதுதான் கருமாதி வேலைக்கு வந்து சேர்ந்தார். எல்லா மெஷினிலும் இருந்ததை வழித்து எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார். மெஷினை ஓட்டுகிற, யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டாத, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு அது. செத்துப்போனது என்று நாங்கள் நினைத்த மெஷின்கள் எல்லாம் எழுந்து ஓடின. கருமாதியின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லா ஓடுதே, சிரிச்சாத்தான் என்ன?" என்றேன்.

"இப்ப ஓடுது" என்றார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தக் கோளாறு வந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றிவிட்டுக் காத்திருந்து பார்ப்பார். அப்புறம்தான் அடுத்தது. லினக்ஸ் போட்ட புதிதில் ஒருநாள் பிரிண்டர் பில் அடிக்க மறுத்துவிட்டது. வெளியே சரக்கு கொண்டுவந்த தோட்டக்காரர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கருமாதி கேபிளை மாற்றினார், யோசித்தார். டிரைவர் என்கிற மென்பொருளை மாற்றினார், யோசித்தார். முதலாளி கத்திவிட்டார்.

"யோவ், எல்லாத்தையும் ஒண்ணா மாத்தித் தொலையேன்யா!"

"மாத்தலாம் முதலாளி. சரியாக்கூட ஆயிரும். ஆனா எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும். தெரியாமச் சரியானது திரும்பி வரும்."

முதலாளி மின்விசிறியைப் பார்த்துக் கும்பிட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு கருமாதி எழுந்து வந்து அறிவித்தார்: "பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு. பில் போடுற பிள்ளைக்கு லினக்ஸ்ல அதைத் தொட அனுமதி குடுக்காம விட்ருக்கேன். மிசினு நம்ம பேச்சைக் கேட்டு ஒழுங்கா இருந்துருக்கு. நாமதான் அதைத் திட்டிட்டோம்." ஒரே ஒரு வரி தட்டினார். பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளியது. போகும்போது அதன் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார்.

இன்னொரு தடவை அப்டேட் ஒன்று போட்டதும் கடையில் வைஃபை நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மலைமேல் தோட்டம் வைத்திருக்கும் மலையாளி ஒருவர் வந்தார். மலையாளக் கிறிஸ்தவர்களை மரியாதையாக அழைக்கிற வழக்கப்படி அச்சாயன் என்று கூப்பிடுவோம். தங்கமான மனிதர், காது மட்டும் கொஞ்சம் மந்தம். கருமாதி முகத்தைப் பார்த்ததும் பதறி, "எந்து பற்றி? என்ன ஆச்சு?" என்றார்.

"வைஃபை போயிருச்சுங்க" என்றார் கருமாதி, தரையைப் பார்த்து.

அச்சாயன் நெஞ்சில் சிலுவை போட்டார். "எப்போ?"

"காலையில. நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு எந்திரிக்கவே இல்லை."

"ஆஸ்பத்திரியில காட்டலயா?"

ஆஸ்பத்திரி என்றதைக் கருமாதி ரிப்பேர் கடை என்று எடுத்துக்கொண்டார் போல. "வெளியில காட்டுனா தேவையில்லாமக் கழட்டிப் போட்ருவாக. நானே பாத்துக்கிட்டேன். சாயங்காலத்துக்குள்ள வேற ஒண்ணு வந்துரும்."

அச்சாயன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மாலையும் கையுமாகக் கருமாதி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தது கருமாதியின் மனைவி ஸ்டெல்லாக்கா. அங்கன்வாடி டீச்சர். கணவர் பேசுவதையெல்லாம் சேர்த்துத் தானே பேசிவிடுகிறவர். விஷயத்தைக் கேட்டு, அச்சாயனை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, மாலையை வாங்கி மாதா படத்துக்குப் போட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "அது நான் இல்லீங்க. எனக்கு ஒண்ணுன்னா இந்த மனுசன் அம்புட்டுக் கவலைப்பட மாட்டாக."

அதே வருஷம் ஏலக்காய்ச் சீசன் உச்சத்தில் கருமாதி என் மெஷினில் காதை வைத்துக் கேட்டார். "டிக் டிக்னு கேக்குதா?" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டினார். ஹார்ட் டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லும் விவரம் வரிசையாக வந்தது. "கெட்டுப்போன எடம் கூடிக்கிட்டே போகுது. இது நிக்காது" என்றார். முதலாளி, "வாயைக் கழுவுய்யா" என்றார். அடுத்த வாரமே அது நின்றுவிட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது கருமாதி வந்து என் தோளைத் தொட்டார். "விடுங்க. பேக்கப் இருக்கு." எங்களுக்குத் தெரியாமல் அத்தனையும் எடுத்துப் போடியில் தன் தங்கச்சி வீட்டில் ஒரு பிரதி வைத்திருந்தார். "ஏன் அம்புட்டுத் தூரத்துல?" என்று கேட்டேன். "ஒரே கூரைக்குக் கீழ வச்சா அது பேக்கப் இல்லை. தீப்பிடிச்சா ரெண்டும் சேந்து எரியும்" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

பிறகு ஒரு ஆடி மாசம், காற்று கடையின் தகரத்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் செருப்பைப் போட முடியாமல் வாசலில் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"டாக்டர்கிட்டப் போனீகளா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன். முதல்ல செருப்பை மாத்திருக்கேன்."

அந்தச் சட்டத்தை உடம்புக்கும் போட்டிருந்தார். செருப்பை மாற்றிப் பார்த்தார். அப்புறம் உட்காரும் நாற்காலியை. அப்புறம் உப்பைக் குறைத்தார். அப்புறம் காப்பியை விட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருந்தார். கொஞ்சம் வடியும், திரும்ப வீங்கும். ஸ்டெல்லாக்கா கடைக்கே வந்து எல்லோர் முன்னாலும் சண்டை போட்டார்.

"உங்க உடம்பு என்ன பிரிண்டரா? எல்லாத்தையும் ஒண்ணா ஒரு ஆஸ்பத்திரியில போய்க் காட்டினா என்ன?"

"எதனாலன்னு தெரியாம மாத்திரையைப் போட்டா…"

"தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக? எனக்கு எதனாலன்னு தெரிய வேண்டாம். எனக்கு ஆள் வேணும்!"

கடையில் ஒருத்தரும் நிமிரவில்லை. மறுநாள் ஸ்டெல்லாக்கா அவரைத் தேனிக்குக் கூட்டிப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், திரும்ப முதலில் இருந்து பார்த்தார். ரொம்ப நாளாவே கெட்டுப் போய்க்கிட்டு இருந்திருக்கு, முன்னாடியே வந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம் என்றார். இரண்டு கிட்னியும். ஸ்டெல்லாக்கா அழவில்லை. கையில் இருந்த குடையை விரித்தார், மடக்கினார், விரித்தார். ஆஸ்பத்திரிக்குள் எதற்குக் குடை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கருமாதி சொன்னார்: "கடவுளும் ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழதான் வச்சிருக்கான் பாத்தீகளா." நான் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னார். நான் எழுந்து டீக்குக் காசு கொடுக்கப் போனேன்.

டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். நாள் விட்டு நாள் கடைக்கு வந்தார், பாதி ஆளாக. அந்த நாட்களில் கடையில் ஒரு விநோதம் நடந்தது. யாரும் சொல்லிவைத்துக்கொள்ளாமலேயே எல்லோரும் அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம், ஞானஸ்நானத்தில் வைத்த பேரை. லோடுமேன்கள் அதோடு 'சார்' வேறு சேர்த்துக்கொண்டார்கள். பழைய பேர் யார் வாயிலும் வரவில்லை. வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு என்ன பேர் வச்சிருந்தீகன்னு எனக்கு மறந்துபோச்சுன்னா நெனச்சீக?"

நான் கணக்கைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"மறக்கலை. வீட்டுல ஸ்டெல்லாவே கோவம் வந்தா அப்படித்தான் கூப்பிடுவா. அப்பெல்லாம் நான் சாகப்போற ஆள் இல்லை, அதனால கூப்பிட்டீக. இப்ப எல்லாரும் மரியாதையாப் பேரைச் சொல்றீக. எனக்கு ரிப்போர்ட்டைப் பாத்துப் பயமில்லை. இதைக் கேட்டாத்தான் பயமா இருக்கு."

அதனால்தான் அந்தச் சொந்தப் பேரை இங்கேயும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் அறைக்குள் இருந்து ஒரு சத்தம், தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏய் கருமாதி! எங்கய்யா போய்த் தொலஞ்ச? இங்கன பிரிண்டர் படுத்துக் கிடக்கு!"

கருமாதி எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதலாளி அறை வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே போய்ப் பிரிண்டருக்கு முன்னால் கைகட்டி நின்றார். கேபிளை முதலாளியே பிடுங்கி மேஜைக்கு அடியில் போட்டிருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கருமாதிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார். முதலாளியும் சலிக்காமல் திட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் அதைச் சாயங்காலம் வரை இழுத்தார்கள்.

இப்போது அவர் கடைக்கு வருவதில்லை, உடம்பு தாங்கவில்லை. ஸ்டெல்லாக்கா தன் கிட்னியைக் கொடுக்க முன்வந்தார், சேரவில்லை. வேறு கிட்னிக்குப் பெயரைப் பதிந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். டயாலிசிஸுக்குத் தேனி போகிற நாட்களில் ஸ்டெல்லாக்காவுக்கு லீவு கிடைக்காவிட்டால் நான் கூடப் போகிறேன். போன தடவை மெஷின் கீச்சென்று கத்தியதும் நர்ஸ் பிள்ளை வந்து அலாரத்தை அமுக்கப் போனது. படுத்தபடியே இவர் கையை உயர்த்தினார்.

"அமுக்காத தாயி. என்னமோ சொல்லுதுல்ல, முதல்ல அதை வாசி."

அந்தப் பிள்ளை வாசித்துப் பார்த்தது. குழாய் ஒன்று இவர் கைக்கு அடியில் மடங்கியிருந்தது. சரிசெய்துவிட்டு, "தாங்க்ஸ் அங்கிள்" என்றது. "இதுக்குள்ள என்ன ஓடுது, லினக்ஸா?" என்று இவர் கேட்டார். அந்தப் பிள்ளை ரத்தம் என்றது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவருக்கு. ஏறினதும், இந்த பஸ் எந்த இடத்தில் நிற்கப்போகிறது, ஏன் நிற்கப்போகிறது என்று எஞ்சின் சத்தத்தை வைத்துச் சொல்ல ஆரம்பிப்பார். வீரபாண்டி தாண்டுவதற்குள் பேச்சு நின்று தலை என் தோளில் சாய்ந்துவிடும். மெலிந்துபோன ஆளுக்குத் தலை மட்டும் எப்படி இவ்வளவு கனக்கிறது என்று தெரியவில்லை. சின்னமனூர் வரும்போது என் தோள் மரத்துப் போயிருக்கும். நான் அசைவதில்லை.