சட்டை கழற்றிய சில்வண்டு

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் ஒரு முடிவெடுத்தேன். இனி எங்கள் வீட்டில் என் பேச்சுத்தான் எடுபட வேண்டும். றக்வானைத் தோட்டத்தில் இருபது நாளாக மழை. லயத்து வீட்டுக் கூரை ஒழுகியது. என் தைரியமும்தான்.

எனக்குத் தவறணையில் வேலை. கள்ளுத் தவறணை இல்லை, தேயிலைக் கன்று வளர்க்கிற தவறணை. மலையில் விழுந்து கால் முறிந்தவனுக்குத் தோட்டத்தில் வேறு வேலை கிடையாது. அங்கே பொழுது விடிந்தால் பத்துக் கன்றுக்குக் கழுத்து இருக்காது.

"மாசம் முடியிறதுக்குள்ள என்ன பூச்சின்னு கண்டுபிடி. இல்லாட்டி வீட்டுக்குப் போ" என்றார் தோட்டத்துத் துரை.

மண்ணைக் கிளறிச் சில்வண்டுகளைப் பிடித்தேன். பெரியதையெல்லாம் நசுக்கினேன். சிறகில்லாத கறுப்புப் பொடிசுகளைப் பாவம் பார்த்து விட்டுவிட்டேன்.

"அதுகளை ஏங்க விட்டீங்க?" என்றாள் என் மனைவி ஜீவராணி.

"அது வேற சாதி. சிறகு இருக்கா? சத்தம் இருக்கா?"

"குஞ்சா இருக்கும்ங்க."

"கோழிக்குத்தான்டி குஞ்சு! சில்வண்டு பொறக்கும்போதே சிறகோட பொறக்கும்."

அவள் இரண்டு பொடிசுகளை ஜாம் போத்தலில் விட்டு, கீரைத்தண்டு போட்டு, அடுப்படியில் வைத்தாள். என் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் கண் போத்தலில்தான். வேலை போனால் எங்கே போவது என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மாசக் கடைசியில் துரை வந்தார். பாத்தியில் பாதி மொட்டை.

"பெரிசையெல்லாம் கொன்னுட்டேன் தொரை" என்றேன். "சின்னது ஒண்ணும் செய்யாது."

"அப்ப இதை யாரு வெட்டினது? நீயா?"

எனக்குப் பின்னால் நின்ற ஜீவராணி முந்தானைக்குள்ளிருந்து போத்தலை எடுத்தாள்.

"சின்னதுதாங்க தொரை வெட்டுது. ரெண்டு தடவை சட்டை கழட்டிருச்சு. இந்தாங்க, உரிச்ச தோலு. முதுகுல பொடி மடிப்பு வந்திருக்கு பாருங்க, அதுதான் சிறகாகும். வால்ல ஊசி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிறது பொட்டை. கத்துறது மட்டும்தாங்க ஆம்பளை."

துரை என்னைப் பார்த்தார். நான் பாத்தியைப் பார்த்தேன்.

"ஈரச் சாக்கு விரிச்சா அடியில வந்து ஒதுங்கும். காலையில அள்ளிரலாங்க" என்று முடித்தாள்.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவள் கெஞ்சியிருக்கிறாள். ஆனால் தவறணைக்குக் கங்காணி இனி அவள்தான். நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவதும் அவள்தான். சாக்கு விரிப்பது நான்.

முதல் நாள் காலை, கால் வலிக்கிறது, கொஞ்சம் பிந்தி வரட்டுமா என்று கேட்டேன்.

"மெதுவா வாங்க" என்றாள் அன்பாக. "அரைநாள் பேர்தாங்க போடுவேன்."