செம்பட்டையின் உயரம் முக்கால் அடி

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று குதிரைச் சவாரி போய்க்கொண்டிருந்தது. முள்ளம்பன்றிக்கு எதற்குக் குதிரை என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதை மேற்கொண்டு இதைவிட மோசமாகத்தான் போகும்.

முள்ளம்பன்றியின் பெயர் சிலும்பன். குதிரையின் பெயர் செம்பட்டை. அந்தக் காட்டில் குதிரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சிலும்பனை முதுகில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தது செம்பட்டை ஒன்றுதான். "குத்துதாடா?" என்று சிலும்பன் தினமும் காலையில் கேட்கும். "எங்கே குத்துது? சும்மா உட்காரு" என்று செம்பட்டை சொல்லும். ஒன்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

அந்தக் காட்டில் ஏழுமலைச் சவாரி என்று ஒன்று உண்டு. ஏழு மலையையும் தாண்டி மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தால், கிளம்பும்போது பதிந்த குதிரையின் பெயரை அங்கே இருக்கும் வாகைக்கல்லில் செதுக்குவார்கள். சவாரிக்காரரின் பெயரைச் செதுக்க மாட்டார்கள். அவர் உட்கார்ந்துகொண்டுதானே வந்தார்? செம்பட்டைக்கு அந்தக் கல்லின்மேல் தீராத ஆசை. "ஒருத்தர் ரெண்டு பேராவது என் பேரைப் படிக்கணும்டா சிலும்பா. படிச்சிட்டு, யாரு இதுன்னு கேக்கணும்" என்று புல் மேயும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருக்கும். அப்படித்தான் இருவரும் கிளம்பினார்கள்.

இரண்டு மலை தாண்டியாயிற்று. மூன்றாவது மலை இறங்கியதும், யாரோ பிடுங்கிப் போட்டிருந்த பச்சைக் கடலைக்கொடி செம்பட்டையின் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். சிலும்பன் தடுக்கத் தடுக்க வயிறு முட்டத் தின்றது. அதன்மேல் ஒரு குட்டைத் தண்ணீரையும் குடித்தது. உச்சிவேளைக்குள் வயிறு உப்பி, கீழே சாய்ந்துவிட்டது.

"சிலும்பா, ஒண்ணு சொல்லணும்" என்றது செம்பட்டை. "குத்துச்சுடா. தினமும் குத்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தது. சிரித்தபடியே கண்ணை மூடியது.

சிலும்பன் அழுத அழுகையில் அதன் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. ஆறுதல் சொல்ல வந்த முயல்கள்கூடப் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிட்டுப் போயின. நண்பனைக் கொன்றைமரத்தடியில் புதைத்துவிட்டு, சிலும்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தது. என்ன ஆனாலும் சரி, செம்பட்டையின் பெயர் அந்தக் கல்லில் ஏறவேண்டும். அதற்குச் சவாரி முடியவேண்டும். சவாரி முடிய ஒரு குதிரை வேண்டும்.

மூன்றாவது மலையடியில் சவாரி உதவி நிலையம் இருந்தது. அதன் வாசலில் இரண்டு குதிரைகள் வாடகைக்கு நின்றன. முதல் குதிரை சிலும்பனைப் பார்த்ததுமே, வீட்டில் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி ஓடிவிட்டது. இரண்டாவது குதிரை ஏறச் சொன்னது. ஏறியதும் ஆற்றில் குதித்தது. நனைந்துபோன சிலும்பன் உள்ளே போய் வரிசையில் நின்றது.

கவுண்டரில் இருந்தது ஒரு மரங்கொத்தி. முத்திரை குத்தத் தனியாகக் கருவி வாங்கவேண்டாமே என்று அதை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"குதிரை செத்துப்போச்சுங்க. புதுசா ஒரு குதிரை சேர்க்கணும்" என்றது சிலும்பன்.

"படிவம் பதினொண்ணு. பழைய குதிரை நேர்ல வந்து, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும்."

"அது செத்துப்போச்சுங்க."

"செத்ததுக்குப் படிவம் ஏழு. அதைக் கொடுத்தா அந்த நிமிஷமே சவாரி ரத்து."

"ரத்தானா கல்லுல பேரு?"

"வராது."

"அப்ப ஏழைக் கொடுக்காம, பதினொண்ணை மட்டும் கொடுக்கட்டுமா?"

"தாராளமாக் கொடுங்க. குதிரையைக் கூட்டிக்கிட்டு வாங்க. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கேன்" என்றது மரங்கொத்தி. கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே காத்திருக்கக் கூடிய பறவை அது.

சிலும்பன் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தது. அப்போது பின்னாலிருந்து, தரையோடு தரையாக, ஒரு குரல் வந்தது.

"தம்பி, என்மேல ஏறிக்கங்களேன்."

பார்த்தால் ஒரு ஆமை. பெயர் நிதானம். முகவரி திருத்த வந்திருந்தது. வரிசை நகரும்போது வீடும் கூடவே நகர்ந்துவிடுவதால், கவுண்டருக்கு வருவதற்குள் முகவரி மறுபடியும் தப்பாகிவிடும். மூன்று வருஷமாக இதே பாடு.

"அண்ணே, முள்ளு குத்துமே" என்றது சிலும்பன்.

"என் ஓட்டுமேல ஒரு தடவை பலாப்பழம் விழுந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு வேற யாரோ சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"ஆனா நீங்க குதிரை இல்லையே."

மரங்கொத்தி இறக்கையைத் தூக்கி இருவரையும் நிறுத்தியது. அதன் முகத்தில் இருபது வருஷ அனுபவம் பளிச்சிட்டது.

"இங்கே பாருங்க. குதிரையை மாத்தறதுக்கு வழியே கிடையாது. ஆனா குதிரையோட விவரத்துல தப்பு இருந்தா திருத்தலாம். படிவம் மூணு. பிழை திருத்தம். பத்து நிமிஷ வேலை."

வேலை நடந்தது. செம்பட்டை என்னும் குதிரையின் உயரம் கவனக்குறைவால் ஐந்தடி என்று பதிவாகிவிட்டது. முக்கால் அடி என்று திருத்தவும். டக். நிறம் செம்பழுப்பு என்பது கரும்பச்சை எனத் திருத்தப்படுகிறது. டக். பிடரிமயிர்: முன்பு உண்டு, இப்போது இல்லை. டக். சுழி எத்தனை என்ற இடத்தில் மட்டும் மரங்கொத்தி கொஞ்சம் தயங்கியது. குதிரையின் மயிரில் விழும் சுழி முக்கியம். சுழி பார்க்காமல் யாரும் குதிரை வாங்க மாட்டார்கள். எழுந்து வந்து ஆமையின் முதுகில் இருந்த கட்டங்களை எண்ணிப் பார்த்து, பதின்மூன்று என்று எழுதியது. கால்கள் நான்கு என்பதைத் திருத்தவேண்டிய அவசியமே வரவில்லை.

"பார்த்தீங்களா? அடிப்படை எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றது திருப்தியோடு. டக்.

நிதானம் ஊரில் இருக்கும் பெண்டாட்டிக்கு ஆள் அனுப்பி, நாலு நாளில் வந்துவிடுவதாகச் சொல்லச் சொன்னது. நாலு நாளில் அவர்கள் அலுவலக வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

சவாரி எத்தனை நாளுக்குள் முடியவேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை. குதிரைகள் ஓடும் என்ற நம்பிக்கையில் எழுதிய விதி அது. நான்காவது மலை ஏறுவதற்குள் மழைக்காலம் வந்து போயிற்று. ஐந்தாவது மலையில் அடுத்த பருவத்துச் சவாரிக்காரர்கள் வந்து, "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று சொல்லித் தாண்டிப் போனார்கள். வழி நெடுக சிலும்பன் செம்பட்டையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது. எப்படிக் கனைக்கும், எதற்கெல்லாம் மிரளும், தூக்கத்தில் எப்படிக் காலை உதைக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னது. நிதானம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. கேட்பதற்கு அதனிடம் நேரம் நிறைய இருந்தது.

ஒருநாள் காலையில் பழக்கதோஷத்தில் சிலும்பன் கேட்டுவிட்டது. "குத்துதா?"

"இல்லையே தம்பி" என்றது நிதானம்.

அது உண்மை என்பதுதான் சிலும்பனுக்குத் தாங்கவில்லை. அன்று முழுக்க அழுதுகொண்டே சவாரி செய்தது.

பதினோரு மாதம் கழித்து ஏழாவது மலையும் முடிந்தது. வாகைக்கல்லின் பக்கத்தில் குதிரைப் பரிசோதனை அதிகாரி உட்கார்ந்திருந்தார். கழுதைதான், ஆனால் அதிகாரி என்பதால் அவர் என்றே சொல்வோம். அந்தப் பதவிக்குக் குதிரைகள் விண்ணப்பிக்கக் கூடாது. வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டிவிடுமாம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். ஆமையைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"முக்கால் அடி. சரி. கரும்பச்சை. சரி. பதின்மூணு சுழியா! ராஜாக்கள் ஏறுற குதிரைக்குக்கூட இவ்வளவு கிடையாதே. எல்லாம் பொருந்துது. ஆனா மனசுக்குள்ள ஏதோ ஒண்ணு உறுத்துது. கனைக்கச் சொல்லுங்க."

நிதானம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"கூச்ச சுபாவம்" என்றது சிலும்பன்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வாயில் ஒரு மாலையைக் கவ்வியபடி, வெள்ளைப் பெண்குதிரை ஒன்று ஓடி வந்தது. சுழியம்மா. செம்பட்டையின் மனைவி. புருஷன் ஏழு மலையையும் தாண்டிவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருந்தது. சிலும்பன் பதினோரு மாதமாகச் சுழியம்மாவுக்குச் சேதி சொல்லவில்லை. காகிதத்தில் உயிரோடு இருப்பவரை எப்படிச் செத்ததாகச் சொல்லி அனுப்புவது?

"நல்லதாப் போச்சு" என்றார் அதிகாரி. "அம்மா, இவர் உங்க வீட்டுக்காரர்தானா? ஆமான்னா பேரைச் செதுக்கறோம். இல்லைன்னா சவாரியே ரத்து."

சுழியம்மா மாலையைக் கீழே வைத்தது. ஆமையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு சிலும்பன் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "எங்கேப்பா?" என்றது.

"மூணாவது மலையடியில அக்கா. கொன்றைமரத்துக்குக் கீழே. கடலைக்கொடி."

"அதைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்." சுழியம்மாவின் கண் நிறைந்தது. "வலிச்சுதா?"

"சிரிச்சுக்கிட்டேதான் போச்சு."

சுழியம்மா ஒரு நிமிஷம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பியது.

"இவர்தாங்க."

"நல்லாப் பாருங்கம்மா. முதுகுல இந்த ஓடு எப்படி வந்துச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க? கல்யாணமான நாள்லேருந்து ஒரு கூரை போடுங்க, ஒரு கூரை போடுங்கன்னு கெஞ்சிக்கிட்டிருந்தேன். இப்பத்தான் ஐயாவுக்குப் புத்தி வந்து போட்டிருக்காரு."

கூட்டமே கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், அவர் வீட்டிலும் அதே பிரச்சினை. உளியை எடுக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் கல்லில் செம்பட்டை என்று பெரிதாகச் செதுக்கி முடித்தார்கள். அங்கே வந்த ஒரு மான்குட்டி அதைப் படித்துவிட்டு, "யாரும்மா இது?" என்று கேட்டது. தாய்மான் நிதானத்தைக் காட்டியது.

சிலும்பனுக்கு அடக்கமுடியாமல் அழுகை வந்தது.

"என்ன இது? ஜெயிச்சவங்க இப்படி அழக் கூடாது" என்று அதட்டினார் அதிகாரி. "யாராவது செத்துப்போயிட்டாங்களா?"

சிலும்பன் சுழியம்மாவைப் பார்த்தது. சுழியம்மா தரையைப் பார்த்தது.

"இல்லைங்க" என்றது சிலும்பன்.

"அப்புறம் என்ன? கண்ணைத் துடைங்க. அம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

நிதானம் தலையை வெளியே நீட்டியது. "ஐயா, எனக்கு ஊர்ல பெண்டாட்டி இருக்கா. முட்டையெல்லாம் பொரிஞ்சிருக்கும். நான் போகணும்."

"முட்டை ஆமைக்குத்தான். நீங்க குதிரை. நாலு முத்திரை இருக்கு" என்று சொல்லிவிட்டு அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

சுழியம்மா மாலையை எடுத்து நிதானத்துக்குப் போட்டது. மாலைக்குள் நிதானம் முழுசாகக் காணாமல் போயிற்று. பிறகு இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சுழியம்மா ஓர் அடி வைக்கும், நின்று காத்திருக்கும், இன்னோர் அடி வைக்கும். சிலும்பனும் நடந்தே அவர்கள் பின்னால் போனது. அழவேண்டும் என்றால், சேர்ந்து அழ அதற்கு வேறு யாரும் இல்லை.

நீதி: உயிர் நண்பனை இழந்தவர்கள் மனம் தளர வேண்டாம். உரிய படிவத்தில் திருத்தம் செய்தால், சற்றுக் குட்டையாகத் திரும்பக் கிடைப்பான்.