ஊர்க்கூட்டத்தில் பின்பால்

கூட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். அதிலும் எங்கள் ஊர்க்கூட்டம் இருக்கிறதே, பேசினதையே பேசி, டீ குடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பேசுவார்கள். (கேட்டால் ஜனநாயகம் என்பார்கள்.)

பழவேற்காடு ஏரியில் இன்னார் இன்ன இடத்தில்தான் வலை போடலாம் என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். சில வருஷங்களுக்கு முன்பு சீட்டுக் குலுக்கியபோது எங்கள் நைனாவுக்கு முகத்துவாரத்துப் பாடு விழுந்தது. இறாலை அள்ளலாம். அதை நம்பித்தான் ஓட்டைப் படகை மாற்றுவதாக இருந்தார். கூட்டத்தன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல்.

"நீ போயி சும்மா குந்தினு வா. வாயத் தொறக்காத, அது போதும்" என்று என்னை அனுப்பினார்.

வாயைத் திறக்கவில்லை. செல்போனைத் திறந்தேன்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கடைகளில் மேசைமேல் வைத்து, காசு போட்டு ஆடிய பின்பால் பலகையை அப்படியே போனுக்குள் இறக்கியிருந்தார்கள். மரப்பலகை, நிறைய ஆணி, நடுவே குழிகள். திரையைத் தொட்டால் பொய்க்காசு க்ளிங் என்று விழும். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் குண்டு மேலே போய், ஆணிகளில் முட்டி முட்டி இறங்கும். குண்டைத் தட்டிவிட ஒரு கட்டைகூட இதில் கிடையாது. போனை உலுக்கித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஓவராக உலுக்கினால் ஆட்டம் காலி. (இந்த இழவுக்கு வலையே இழுத்திருக்கலாம்.)

பெரிய குழியின் விளிம்பில் குண்டு ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் தூரத்து மாமா ஒருவர் எழுந்தார்.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிக்கிறேன். எனக்கு வுழுந்தது சேத்துப் பாடு. யார்னா மாத்திக்கிறீங்களா? கை தூக்குங்கபா."

ஊரே வானத்தைப் பார்த்தது. நான் குண்டை உள்ளே தள்ள, போனோடு சேர்த்துக் கையை மேலே வெட்டி இழுத்தேன்.

குண்டு குழியில் விழுந்தது. கைதட்டல் எழுந்தது. என் ஸ்கோருக்குத்தான் தட்டுகிறார்கள் என்று பல்லைக் காட்டினேன். (என் அறிவைப் பாருங்கள்!) மாமா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார். தலைவர், "அப்பன் கொணம் அப்டியே கீது" என்றார்.

கூட்டத்தில் தூக்கிய கையை இறக்க முடியாது. அது ஊர்க் கட்டுப்பாடு. விஷயம் தெரிந்தும் நைனா திட்டவில்லை.

"இன்னாடா கெடச்சிது அதுல?"

"பாயிண்டு."

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாலு அறை விட்டிருக்கலாம்.

அந்தப் பருவம் முழுக்க நானும் அவரும் அதே ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்து இறைத்து, சேற்றில் பாசி இழுத்தோம். மாமா வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் எங்களுக்கு முதல் பந்தி கிடைத்தது.

இப்போதும் சாப்பிடும்போது போதும் என்று கையைக் காட்டினால் என் மனைவி கரண்டியை நிறுத்துவதில்லை. "இது கொழம்பு போதும்னா, இல்ல குண்டு வுழணும்னா?" என்பாள்.

பக்கத்தில் நைனா சிரிக்காமல் சொல்வார்: "நீ ஊத்தும்மா. அவன் கை தூக்குறது அவனுக்கே தெரியாது."