ரெமிஜியஸ் ஸ்டுடியோவின் இரட்டை டிஸ்க்

எங்கள் அப்பா ரெமிஜியஸ் ஒரு வரலாற்று முடிவெடுத்தார். பூதலூர்க் கல்யாணங்களுக்கு இனி அழிவே கிடையாது! ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதெல்லாம் அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். மாப்பிள்ளைகள் பாதிப்பேர் மஸ்கட்டில். பிள்ளை பிறந்த பிறகுதான் கல்யாண வீடியோ கேட்டு போன் பண்ணுவார்கள். ஆகவே தேவைதான்.

பலகையில் 'ரெமிஜியஸ் ஸ்டுடியோ' என்றிருக்கும். உள்ளே எடிட்டிங், டைட்டில், பாட்டு சேர்ப்பது எல்லாம் அம்மா ரோஸ்லின். அப்பாவின் பங்கு, அந்தப் பலகை.

தஞ்சாவூர்க் கடையில் அப்பா கம்பீரமாகச் சொன்னார்.

"ஒரே கம்பெனி, ஒரே பெட்டியிலேருந்து ரெண்டு குடுங்க. இரட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கணும்."

"வேணாங்க," என்றாள் அம்மா. "ஒரே மூட்டை விதைநெல்லு மாதிரி ஆயிரும். கெட்டா ரெண்டும் சேந்தே கெடும். ஒண்ணாச்சும் வேற கம்பெனியா எடுங்க."

"டிஸ்க் வாங்க வந்த எடத்துல நாத்தங்கால் கதையா?"

"எங்கப்பா ஒரே மூட்டையை நம்பி ஒரு சம்பா வெளைச்சலையே விட்டாரு."

"அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுல்ல!"

கடைக்காரர் சிரித்தார். இதற்குப் பெயர் வாதத்தில் வெற்றி. இரட்டையர் வீடு வந்தார்கள். அம்மா பழைய வீடியோ எல்லாவற்றையும் அவற்றில் ஏற்றினாள்.

அடுத்த மாதம் எனக்கு ஹைதராபாத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது.

"அவ்ளோ தூரமா? பொம்பளப் புள்ளையா?" என்றார் அப்பா.

"உங்க கல்யாண வெள்ளிவிழாவுல மைக்கைப் புடிச்சு என்ன சொன்னீங்க?" என்று நான் மடக்கினேன். "'என் மக ஜாய்ஸ் எங்க கேட்டாலும் அனுப்புவேன்'னு. சர்ச்சுப் பங்கு சனமே கைதட்டுச்சு. கைத்தட்டலை மட்டும் வச்சுக்குவீங்க, வாக்கைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"நான் அப்புடிச் சொல்லவே இல்ல."

"ஏன் சண்டை? வீடியோவுல இருக்கும்," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை ஃபாதர் சாப்பிட வர்றாரு. அவரு முன்னாடியே போட்டுப் பாத்துருவோம்."

அன்று மாலை ஓர் அதிசயம். கீபோர்டைத் தூசி தட்டக்கூடத் தொடாத அப்பா, கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு. ஃபாதர் மீன்குழம்பை முடித்திருந்தார். அம்மா தேடினாள். வெள்ளிவிழா இல்லை.

"ஐயையோ, இல்லையா?" அப்பாவின் துக்கம் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது. "அப்ப ரெண்டாவது டிஸ்க்லயும் இருக்காது ஃபாதர். ஒண்ணுல அழிஞ்சா ரெண்டுலயும் அழிஞ்சிரும். அதான் இந்தப் பெட்டியோட அழகு."

என் ஹைதராபாத் கண் முன்னே காவிரியில் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து போய், விதைநெல் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு டிஸ்க்.

"என்னது அது?"

"உங்க இரட்டையில ஒண்ணு. வீடியோ எல்லாம் ஏத்துன மறுநாளே இதைக் கழட்டிட்டு வேற கம்பெனி டிஸ்க்கைப் போட்டேன். உள்ள இருந்த இன்னொண்ணு தானா புதுசுல எல்லாத்தையும் எழுதிருச்சு. இது அன்னைக்கு இருந்தபடியே இருக்கு."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நாத்தங்கால் கதைதானேன்னு விட்டுட்டேன்."

படம் ஓடியது. மைக்கோடு அப்பா. "என் மக ஜாய்ஸ் எங்க கேட்டாலும் அனுப்புவேன்!" கைத்தட்டல். வீட்டில் நான் மட்டும் எழுந்து நின்று தட்டினேன்.

"சரி சரி, போகட்டும். நிறுத்து," என்றார் அப்பா.

"பேச்சு இன்னும் முடியலீங்க," என்றாள் அம்மா.

திரையில் அப்பா, கைத்தட்டல் தந்த போதையில், மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார். "அதுமட்டுமில்ல! இன்னையிலேருந்து எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் நானே கழுவுவேன்!"

ஃபாதர் தன் எச்சில் தட்டை, மிகுந்த மரியாதையோடு, அப்பா பக்கம் நகர்த்தினார்.