யோசிக்க வந்த காந்த மாஸ்டர்

யுத்த காலத்துக் கொழும்பில் பொய் சொல்லித் தப்பிய தமிழர்கள் ஏராளம். ஒன்றுமே சொல்லாமல் பிடிபட்டவர்கள் அதைவிட ஏராளம். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவர், எனக்குத் தெரிந்து, காந்த மாஸ்டர் ஒருவர்தான்.

வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் நாங்கள் மூவரும் ஓர் அறை. நான் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக். அடுத்தவர் லண்டன் செல்வம். லண்டனுக்குப் போனவரல்ல, பல வருடமாகப் போய்க்கொண்டிருந்தவர். மூன்றாவது ஆள் மாஸ்டர். பகலில் பம்பலப்பிட்டியில் பௌதிகவியல் டியூஷன். மிச்ச நேரமெல்லாம் காந்தம்தான்.

முக்கோணப் பலகை ஒன்றின் மூன்று மூலையிலும் ஆணியடித்து, ஆணிக்கொன்றாக ஊசிக் காந்தம் பொருத்தி, ஏனென்று தெரியவில்லை, செப்புக் கம்பியும் சுற்றி வைத்திருந்தார். அறைக்குள் தலையை நீட்டியவர் எவரும் தப்ப முடியாது. லொண்டரிக்காரர் உடுப்பை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடப் பழகியிருந்தார்.

"தம்பி, இவை மூண்டுக்கும் ஒரே குணம். பக்கத்தில நிக்கிறவனுக்கு எதிராத்தான் பார்க்க வேணும். ஒருத்தன் மேல பார்த்தா மற்றவன் கீழ. அப்ப மூண்டாவது ஆள் எங்க பார்க்கிறது?"

"எங்கயாவது பார்க்கட்டும் மாஸ்டர், எனக்கு ஒஃபிசுக்கு நேரமாச்சு."

"ஏலாது! மேல பார்த்தா இவனோட பிழை, கீழ பார்த்தா அவனோட பிழை."

பலகை வெறும் விளையாட்டுச் சாமானாம். சில கற்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இத்தகைய முக்கோணங்கள் நிறைந்திருக்குமாம். சாதாரணக் காந்தத்தைக் குளிர வைத்தால் உள்ளே உள்ள குட்டிக் காந்தங்கள் ஒழுங்காக வரிசையில் நின்றுவிடும். இவை எவ்வளவு குளிரிலும் நில்லாமல் திரவம் மாதிரி அலையக்கூடும். குவாண்டம் ஸ்பின் திரவம் என்று பெயர்.

"அதைக் குழப்பம் எண்டு நினையாதேங்கோ. ஒண்டும் ஓரிடத்தில அடங்காது. ஆனா ஒண்டை விட்டு ஒண்டைப் பிரிச்சுக் கதைக்கவும் ஏலாது. எல்லாம் பின்னிப் பிணைஞ்சு கிடக்கும்."

"இதுக்கு லண்டனில வேலை கிடைக்குமோ?" என்றார் செல்வம்.

அக்காலத்தில் லொட்ஜ்வாசி ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். செக்பொயின்றில் மறிக்கும் ஆமிக்காரர் சிங்களத்தில் "ஏய் கொழம்ப ஆவே?" என்பார்கள். ஏன் கொழும்புக்கு வந்தாய்? நான் வேலை என்பேன். செல்வம் விசா என்பார். மாஸ்டர் மட்டும் "யோசிக்க வந்தனான்" என்பார்.

யுத்த காலத்தில் ஒரு தமிழன் கொழும்பில் இருந்து யோசிப்பதைவிட மோசமான காரியம் வேறில்லை. லொட்ஜ் மனேஜர் காலில் விழாத குறை.

"மாஸ்டர், கண் ஒப்பரேஷன் எண்டு சொல்லுங்கோவன். கண்ணாடியும் போட்டிருக்கிறியள்."

"என்ர கண்ணுக்கு ஒண்டுமில்லையே!"

ஒரு ஞாயிறு காலை, இடியப்பமும் சம்பலும் தட்டில் விழும் நேரம் பொலிஸ் வந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்து செப்புக் கம்பி சுற்றிய முக்கோணம் வெளியே வந்தது.

"மொக்கத மே?" என்று கேட்டார் கான்ஸ்டபிள். இது என்ன?

மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தானாகவே கேட்கிறார்! கான்ஸ்டபிளைக் கட்டிலில் உட்கார வைத்து முதலாம் பாடத்தைத் தொடங்கினார். இரண்டாம் பாடம் ஜீப்பில் நடந்திருக்க வேண்டும்.

அப்படிப் போனவர்கள் சிலர் பின்னேரம் திரும்பி வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். இடியப்பத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு செல்வமும் நானும் பொலிசுக்கு ஓடினோம்.

எங்களைத் தனித்தனியே விசாரித்தார்கள். அந்த மனிதர் ஏன் கொழும்புக்கு வந்தார்? நான் மனேஜரை நினைத்துக்கொண்டு "கண் ஒப்பரேஷன்" என்றேன். அடுத்த அறையில் செல்வம், தனக்குப் பழகிய பதில்தான் பத்திரம் என்று, "விசா" என்றிருக்கிறார். மாஸ்டர் ஏற்கெனவே "யோசிக்க" என்று சொல்லி முடித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் எங்கள் மூவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "மூணு ஆள், மூணு கதை. பெரிய இடத்துக்கு அனுப்பவா?"

மாஸ்டர் கணக்கைப் பிழையாகச் செய்த மாணவரைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

"ஏன் தம்பிமார் பொய் சொன்னனீங்கள்?"

"உங்களைக் காப்பாத்தத்தான், மாஸ்டர்!" செல்வம் அழுதேவிட்டார்.

"பாத்தீங்களோ சேர்! ஒருத்தனோட ஒத்துப்போனா மற்றவனோட பிழை. காலமையில இருந்து இதைத்தானே சொல்லுறன்!" என்று மாஸ்டர் மேசையில் கிடந்த பலகையின் ஊசியைச் சுண்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஆடுகிற ஊசியைப் பார்த்தார். அழுகிற செல்வத்தைப் பார்த்தார்.

"இயக்கம் எண்டா மூணு ஆளும் ஒரே பொய் சொல்லும். இப்படிப் பொய் சொல்ற ஆள் வச்சு யாரும் இயக்கம் நடத்த ஏலாது. யன்ன, யன்ன!"

போகச் சொல்லிக் கையைக் காட்டி, கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு பலகையைத் திருப்பித் தந்தார். தெய்வாதீனம் என்று வெளியே வந்தோம்.

கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியில் மாஸ்டர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தார். லொட்ஜுக்குத் திரும்பும் சந்தியில் செக்பொயின்ற். ஒரு சின்ன வயது ஆமிக்காரன் மாஸ்டரின் அடையாள அட்டையைப் புரட்டிவிட்டுக் கேட்டான்.

"ஏய் கொழம்ப ஆவே?"

செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எங்கள் இருவரையும் காட்டி, தன் உடைந்த சிங்களத்தில் சொன்னார்: "இந்தச் சிநேகிதரோட இருக்க."

ஆமிக்காரன் அட்டையைத் திருப்பிக் கொடுத்து வழிவிட்டான். நல்ல பொய் என்று அவன் நினைத்திருக்கலாம். எங்கள் மாஸ்டருக்குப் பொய் சொல்ல வராது.