குறிஞ்சிப்பாடியில் எங்கே?

"குறிஞ்சிப்பாடின்னா... குறிஞ்சிப்பாடியில எங்க?"

ஆரம்பிச்சுட்டாரய்யா என்று நினைத்துக்கொண்டாள் எழிலரசி. சிதம்பரத்தில் அவள் பார்க்கும் ஆறாவது வாடகை வீடு இது. ஐந்து வீட்டிலும் இதே கேள்விதான். பதில் சொன்ன மறுநாளே, "மச்சான் குடி வரான்" என்று கையை விரித்தார்கள். ஒரே வாரத்தில் ஐந்து மச்சான்! மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்து என்ன பிரயோஜனம்? தாயும் மகளும் லாட்ஜில் கிடக்கிறார்கள். திங்கட்கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடம் வேறு திறக்கிறது.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்," என்றாள். தரகர் தங்கராசு சொல்லிக்கொடுத்த பதில்.

"பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கயா, மேக்கயா?" வீட்டுக்காரர் வைத்திலிங்கம் விடுவதாயில்லை.

தங்கராசு குறுக்கே பாய்ந்தார். "பெருமாள் கோயில் தெரு சார்! கோயிலுக்குப் பின்னால மூணாவது வூடு."

"பின்னால குளமில்ல இருக்கு?"

"தூத்துட்டாங்க சார்."

"அப்ப தெப்பம் எங்கய்யா வுடறாங்க?"

ஒரு வீட்டை வாடகைக்கு விட இந்த மனுஷன் தாலுகாவையே அளந்து வைத்திருக்கிறாரே என்று எழிலரசிக்கு எரிச்சலாக வந்தது.

"சுத்த சைவம் சார் இவுங்க," என்றார் தங்கராசு, சமாளிப்பதாக நினைத்து.

"அம்மா, இந்த வூட்லயாவது நெத்திலி வறுப்பியா?" என்றாள் மகள் தமிழினி.

அத்தோடு கரண்டும் போயிற்று. அந்த வருஷம் கரண்டு வந்தால்தான் அதிசயம். வைத்திலிங்கம் துண்டால் விசிறிக்கொண்டே, "ஆபீசுல சொல்லி நம்ம தெருவுக்கு மட்டும் ஏதாச்சும்..." என்று இழுத்தார்.

எழிலரசிக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்துவிட்டாள்.

"கரண்டு எந்தத் தெருவுலேருந்து வருதுன்னு கேட்டுட்டா ஃபேன் போடறீங்க? என்னை மட்டும் ஏன் கேக்கறீங்க? சரி, நல்லாக் கேட்டுக்குங்க. குறிஞ்சிப்பாடி காலனி! ரெண்டாவது தெரு! கிணத்தடிக்கு எதுத்த வூடு! காத்தவராயன் மவ நான்! பொய் சொல்லி வர்ற வூடு எனக்கு வேணாம்!"

தெருவே கேட்கட்டும் என்றுதான் கத்தினாள். வைத்திலிங்கத்தின் முகம் வெளுத்துப்போனது. "மெதுவாம்மா, மெதுவா!" என்று பதறி எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"எதுக்கு மெதுவா? நான் என்ன திருடிட்டா வந்தேன்?" மகள் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நில்லும்மா!"

வைத்திலிங்கத்தின் மனைவி செல்லாயி அடுக்களையிலிருந்து சாவியோடு ஓடி வந்தாள். புருஷனை ஒரு முறை முறைத்துவிட்டு, சாவியை எழிலரசியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"ஊர்க்காரங்க யாராச்சும் வந்து அடையாளம் கண்டுடுவாங்கன்னுதான் முப்பது வருசமா இவரு இந்த விசாரணை பண்றாரு. உங்கப்பன் காத்தவராயனும் இவரும் அந்தக் கிணத்தடியில ஒண்ணாக் குளிச்சு வளந்தவங்கம்மா!"