பனிமூட்டத்தைத் திருப்பிக் கொடு

அன்பு மருமகனுக்கு உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் உடம்பளவில் நலம். அக்காவும் அங்கே நலமாக இருக்க வேண்டும். நீ நலமாக இருக்க வேண்டுமா என்பதைக் கடிதத்தின் முடிவில் தீர்மானிக்கிறேன்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ அனுப்பிய பழைய படத்தின் டிஸ்க் வந்து சேர்ந்தது. பழைய வீடியோ கேசட்டைப் பெட்டி மென்று தின்றுவிட்ட பிறகு, இனி அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று ஏங்கிக்கொண்டிருந்த வீடு இது. உறையின் பின்பக்கம், 'படத்தைச் சீரமைத்தவர்' என்று உன் பெயரைப் பார்த்ததும் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். இதெல்லாம் படத்தைப் போடுவதற்கு முன்பு.

போட்டோம். அகலமான டிவிக்குப் பொருந்த வேண்டும் என்று மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறீர்கள். அதனால் கதாநாயகியின் அம்மா நின்றுகொண்டு திட்டும் இடத்தில் அந்த அம்மாளுக்குக் கழுத்துக்கு மேல் எதுவும் இல்லை. முண்டம் திட்டுகிறது, மகள் அழுகிறாள். சிகரெட் உடம்புக்குக் கெடுதல் என்று கதாநாயகன் கையிலிருந்து அதை அழித்துவிட்டீர்கள், சரி, புகையை யார் அழிப்பது? அவன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மூக்கு வழியாகப் புகை விடுகிறான். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் வேறு பூசியிருக்கிறீர்கள். வில்லனின் மீசை வாசலில் கறுப்பாக இருக்கிறது, கூடத்துக்குள் வந்ததும் பழுப்பாகிவிடுகிறது. அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவன் நான். எழுதியவர் கதாநாயகியைக் கொன்றால் கொன்றதுதான், பாவம் என்று நான் பிழைக்க வைத்ததில்லை. உங்கள் ஆபீசில் திருத்துவதற்கும் திரிப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தவர் ஒருவர்கூடவா இல்லை?

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் கடைசிக் காட்சி. அவளைப் பாலத்தில் நிற்கவிட்டு அவன் பனிமூட்டத்துக்குள் நடந்து மறைவானே, அது. மறைவதற்கு முன் அவன் திரும்பிப் பார்த்தானா இல்லையா என்பது எங்களுக்குக் கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டை. "பாத்தான். பாக்காம எப்படிப் போவான்?" என்பாள் அத்தை. "போறவன் எதுக்குத் திரும்பணும்?" என்பேன் நான். ஒவ்வொரு கல்யாண நாளும் படம் பார்ப்போம், சாப்பாடு முடிந்தும் சண்டை முடியாது, வாயடைத்துப்போனவர் அடுத்த நாள் காபி போட வேண்டும். கீழ்வீட்டுக்காரர் மறுநாள் காலையில் படியேறி வந்து, "இந்த வருஷம் யாரு காபி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேப்பர் எடுப்பார். வேறு எதற்காகக் கோபித்துக்கொண்டு நாட்கணக்கில் பேசாமல் இருந்தாலும், இந்தச் சண்டைக்காகப் பேசிவிடுவோம்.

நீ அந்தப் பனியைத் துடைத்துவிட்டாய். பளிச்சென்று தெரிகிறது. அவன் நாலடி நடக்கிறான். அங்கே ஒரு மடக்கு நாற்காலி. பக்கத்தில் ஒருவர் டீ கிளாஸோடு நிற்கிறார். எங்கள் கதாநாயகன், காதலியைக் கதறவிட்டு வந்தவன், உட்கார்ந்து டீ குடிக்கிறான்.

 அத்தை எழுந்து போய்த் துணி மடித்தாள். நான், "திரும்பலை பாத்தியா?" என்றேன். "ஆமா, நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றாள். அப்படி அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. மறுநாள் காபியை அவளே போட்டு, வைத்துவிட்டுப் போனாள். இந்த வீட்டில் அன்றிலிருந்து சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க, இவ்வளவுதான் பேச்சு. ஜெயித்தவனுக்கு அழுகை வருகிறதப்பா. எனக்கு அந்த டீ வேண்டாம், நாற்காலி வேண்டாம். பனியை எங்கே எடுத்தாயோ அங்கேயே வை. வைக்கிற வரைக்கும் என் வீட்டுப் படி ஏறாதே. அக்காவுக்கு என் வணக்கம். உனக்கு ஆசீர்வாதம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கூடத்தில் சத்தம் கேட்டுப் போனேன். அத்தை ரிமோட்டும் கையுமாகப் படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, "இங்க வாங்க. உக்கார்றதுக்கு முன்னாடி கழுத்து திரும்புது, பாருங்க. அவளைத்தான் பாக்கறான்," என்றாள். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கிறான் என்றேன். "நாற்காலி அந்தப் பக்கம் இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பேசுங்க," என்றாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, பனியை வைக்க வேண்டாம். அந்தக் கழுத்துப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் துடைத்து, வேறொரு டிஸ்க் அனுப்பு. அத்தைக்குத் தெரிய வேண்டாம். நீ நன்றாக இரு.

அத்தை எழுதுவது: தம்பி, தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை என்னிடம்தான் கொடுத்தார். இதற்கு மேல் எதையும் துடைக்காதே.